குருவி ஒட்டிய நாணயம்

"அவர் திருடர் இல்லைன்னு நிரூபிச்சுக் கொடுங்க சார், அது போதும்," என்றபடி அந்த அம்மாள் ஒரு பித்தளை நாணயத்தை மேசைமேல் வைத்தார்.

எல்லோரும் 'நிதானம்' என்று அழைக்கும் துப்பறிவாளர் அதைத் தொடவில்லை. அவருடைய மைத்துனன் அதற்குள் பூதக்கண்ணாடியோடு குனிந்துவிட்டான்.

கிரிப்டோ காசு இணையக் கணக்கில் மட்டுமே இருப்பது. அதைக் கையில் வைத்து அழகு பார்க்க ஆசைப்பட்டவர்களுக்காக அந்த அம்மாளின் கணவர் நாணயம் செய்துவந்தார். முன்பக்கம் கப்பல், பின்பக்கம் சிறு குழி, முழுக்க வார்னிஷ் பூச்சு. கணக்கைத் திறக்கும் ரகசிய எண்ணைத் துண்டுக் காகிதத்தில் அச்சிட்டு, மடித்துக் குழிக்குள் வைத்து, குருவி மின்னும் ஸ்டிக்கரால் மூடிவிடுவார். உரித்தால் தடம் விழும்; மறைக்க முடியாது.

"இது பல் டாக்டர் வாங்கினது. ஸ்டிக்கர் அப்படியே இருக்கு, ஆனா கணக்கு காலி. என் வீட்டுக்காரர் எண்ணைக் காப்பி எடுத்து வெச்சிருந்தாராம், அவர் கண்ணை மூடினதும் நான் சுருட்டிட்டேனாம். என்னைச் சொன்னா தாங்கிக்குவேன். போன மனுஷனைச் சொல்றாங்களே!"

"மீதி ஸ்டிக்கரெல்லாம் எங்கம்மா?"

"பட்டறைச் சாமானோட பழைய நாணய வியாபாரிகிட்ட கொடுத்துட்டேன். டாக்டர்கூட இந்த நாணயத்துக்குக் கண்ணாடிப் பெட்டி செய்ய அவர்கிட்டதான் விட்டிருந்தாராம்."

மறுநாள் பட்டறையில் விற்காத நாணயங்கள் சிலவற்றை அந்த அம்மாள் எடுத்துக் காட்டினார். கப்பல் தெரிய ஒன்றை வைத்து, கதவு திறப்பதுபோல் பக்கவாட்டில் திருப்பினார். குருவி நேராக நின்றது.

"நான் அவர் பக்கத்துல உட்காருவேன். ஒவ்வொண்ணையும் இப்படித்தான் என் பக்கமா திருப்பி, 'குருவி நிக்குதா, ராணி?'ம்பார். நான் தலையாட்டினாத்தான் பெட்டிக்குள்ள போகும்."

"அத்தான், டாக்டரேதான்!" மைத்துனன் காதைக் கடித்தான். "பல்லைப் பிடுங்குறவருக்கு ஸ்டிக்கரைப் பிடுங்கத் தெரியாதா?"

"உன் அவசரத்துக்கு ஒரு கடிவாளம் வேணும்டா. டாக்டரையும் அந்த வியாபாரியையும் வரச் சொல்லு."

இருவரும் வந்ததும், புதிய நாணயம் ஒன்றைக் கப்பல் தெரிய ஆளுக்கொரு முறை கொடுத்து, "பின்பக்கம் பாருங்க," என்றார் நிதானம். டாக்டர் புத்தகத் தாளைப் போலப் புரட்டினார். வியாபாரியோ மேல்விளிம்பைப் பிடித்துக் கீழாகக் கவிழ்த்தார். குருவி தலைகீழாகத் தெரிய, கட்டைவிரலால் அதைச் சரிசெய்துகொண்டார்.

"பழக்கதோஷம், இல்லையா? நீங்க புழங்குற பழைய காசுகள்ல பலதையும் அப்படிக் கவிழ்த்தாத்தான் பின்பக்கம் நேரா வரும்." நிதானம் டாக்டரின் நாணயத்தை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பினார். குருவி தலைகீழாகத் தொங்கியது. வியாபாரியைப் போலக் கவிழ்த்தார், நேராக நின்றது. "இதை ஒட்டினது இந்தம்மா வீட்டுக்காரர் இல்லை. உரிக்கட்டுமா டாக்டர்?"

"உரிங்க. போனது போச்சு."

ஸ்டிக்கரைச் சுற்றிப் பழுப்பு வார்னிஷ் பளபளத்தது. அடியிலோ வெறும் பித்தளை வெளிறிக் கிடந்தது.

"முதல் ஸ்டிக்கரோட தடத்தைத் தின்னர் போட்டுத் தேய்ச்சிருக்கீங்க. தடத்தோட வார்னிஷும் போயிடுச்சு. புது ஸ்டிக்கர் உங்ககிட்ட மட்டும்தான் இருந்தது."

வியாபாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திருப்பிக் கொடுத்துடறேன். வேற கணக்குக்கு மாத்தினதோட சரி, இன்னும் தொடலை."

"அதைப் போலீஸ்ல சொல்லுங்க," என்ற டாக்டர், அந்த அம்மாளிடம் திரும்பினார். "தப்பாப் பேசிட்டேன்மா. வெளியிலயும் பேசிட்டேன். சொன்ன இடமெல்லாம் நானே போய்ச் சொல்றேன்."

எல்லோரும் போனபின் அந்த அம்மாள் பணம் கொடுக்கப் பையைத் திறந்தார். நிதானம் கையமர்த்தினார்.

"கண்டுபிடிச்சது நான் இல்லைம்மா. ஒவ்வொண்ணையும் உங்ககிட்ட காட்டிட்டு மூடினாரே, அவர்தான் சாட்சி."

அந்த அம்மாள் புதிய நாணயம் ஒன்றைக் கப்பல் தெரிய மேசைமேல் வைத்து, பக்கத்திலிருந்த காலி நாற்காலியின் பக்கமாக மெல்லத் திருப்பினார்.

"நிக்குதுங்க," என்றார்.