கடைசிப் பீப்பாய்

மரப்பீப்பாய் ஒயினைக் குடிக்கும். பலகை வழியே கசிந்து ஆவியாகிப் போவதற்கு ஈடாக, அவ்வப்போது தக்கையைத் திறந்து குறைந்ததை ஊற்றி நிரப்பி மூடவேண்டும். வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு வருடத்துக்குள் மருமகளுக்கு அந்த வேலை கைவந்துவிட்டது. ஆனால் அன்று பிற்பகல், நிலவறையின் கோடியில் கிடந்த கடைசிப் பீப்பாயின் தக்கையை அவள் பிடுங்கியபோது, குறைந்திருக்கவேண்டிய ஒயின் விளிம்பைத் தாண்டி வழிந்து அவள் விரலிடுக்கில் இறங்கியது.

வெதுவெதுப்பாக இருந்தது.

நிலவறையோ கோடையிலும் குளிர்ந்து கிடக்கும் இடம். ஈரச் செங்கல், புளித்த திராட்சைத் தோல், கந்தகப் புகை என்று அதன் வாசனைகளுக்கெல்லாம் அவள் மூக்குப் பழகியிருந்தது. இன்று அவற்றுக்கு அடியில் இன்னொன்று, யாரோ உழைத்துக் களைத்து, வியர்வைச் சட்டையைக் கழற்றி அந்தப் பீப்பாய்மேல் போட்டுவிட்டுப் போனதுபோல. தெரிந்த வாசனை. தினமும் தலையணையில் அவள் முகர்வது.

ஊற்ற எடுத்துவந்த குடுவையை அங்கேயே வைத்துவிட்டு மேலே ஓடினாள்.

மாமியார், ஒயின் வாங்க வரும் விருந்தாளிகளுக்கான கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கடைசிப் பீப்பாய் நிரம்பி வழியுது."

"உன் புருஷன் பார்த்துக்கிற பீப்பாய் அது. உன்னை யாரு அங்க போகச் சொன்னது?"

"அவரால படி இறங்க முடியல அத்தை. மூச்சு வாங்குது. டாக்டர் ஒண்ணுமில்லைங்கிறாரு, ஆனா ஆளு நாளுக்கு நாள் வெளுத்துக்கிட்டே போறாரு."

மாமியார் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "சுத்தி இத்தனை தோட்டம் இருக்கே. நம்ம வீட்டு ஒயினுக்கு மட்டும் ஏன் இப்படி அடிச்சுக்கிறாங்கன்னு நினைக்கிறே?"

"நம்ம மண்ணு அப்படின்னு மாமா சொன்னாரு."

"மாமாவோட அண்ணனும் இப்படித்தான் வெளுத்தாரு" என்றாள் மாமியார். "அவரு காலத்து ஒயினைப் பத்தி இன்னிக்கும் பேசுறாங்க. போ, கையை நல்லாக் கழுவு."

கழுவினாள். கறை போகவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பினாள். வாசலில் கார்கள் வந்து நின்றன. கால் தரையில் பாவாமல் மறுபடி படியிறங்கினாள்.

பீப்பாயின் வயிற்றில் காதை வைத்தாள். ஒயின் பொங்கும் பருவம் எப்போதோ முடிந்துவிட்டது, சத்தம் இருக்கக்கூடாது. இருந்தது. மந்தமாக, இடைவெளி விட்டு, உள்ளிருந்து ஒரு துடிப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இன்னொரு துடிப்பு.

"நகரு கண்ணு. ஆளுங்க வந்தாச்சு."

மாமனார். ஒரு கையில் பித்தளைக் குழாய், மறு கையில் மரச்சுத்தி.

"மாமா, வேண்டாம். உள்ள என்னமோ..."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடிப்பலகையில் குழாயை வைத்து ஓங்கி அடித்தார்.

மேலே நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

அவள் ஓடினாள். படி. இடைகழி. கூடம்.

கணவன் மேஜையின் தலைப்பக்கத்தில், வந்தவர்கள் நடுவே சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். சுண்ணாம்பு முகம். அவள் பின்னாலேயே மாமியார், கீழே பிடித்த முதல் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். பருத்த வியாபாரி ஒருவர் ஒரு மிடறு விழுங்கிக் கண்ணை மூடினார்.

"அடேயப்பா! உயிரே இருக்குய்யா இதுல!"

அவள் யாரையும் பார்க்கவில்லை. முழந்தாளிட்டாள். கணவனின் மார்பில் காதை அழுத்தினாள்.

ஒன்றுமில்லை.

இன்னும் அழுத்தினாள்.

ஒன்றுமே இல்லை.

"புதுப் பொண்டாட்டி பாசம்!" யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஐஸ் போன்ற கை அவள் தலையை வருடியது.

"ஏன் இப்படி நடுங்குறே? குளிருதா?"

வியாபாரி காலிக் கோப்பையை நீட்டினார். கீழே குழாய் திறக்கும் ஓசை. அவள் நிமிர்ந்தாள். கணவனின் உதட்டில் மிச்சமிருந்த சிவப்பு, ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்வரை, மெல்ல வற்றிக்கொண்டிருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.