உள்மடிப்பில் ஒரு மஞ்சள் பொட்டு

கம்சனா அழுதுகொண்டு வந்த அன்று ஜேர்மனியின் வுப்பர் ஆற்றில் தண்ணீர் ஓரங்குலம் உயர்ந்தது. நம்பாதவர்கள் போய் அளந்து பார்க்கலாம். அவளுக்குப் பின்னால் அம்மா புஸ்பவதியும் அழுதுகொண்டு வந்ததால் இன்னும் அரை அங்குலம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருவரும் வந்து நின்றது சிவமலர் வீட்டு வாசலில். சிவமலர், ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் வுப்பர்டால் தொங்குரயிலில் ரிக்கற் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ரிக்கற் இல்லாதவனை அவனுடைய கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று பெயர். ஓய்வுக்குப் பிறகு தமிழர் வீடுகளில் எது காணாமற் போனாலும் அவரிடம்தான் வரும். உதவியாளர் அவருடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா. எந்த வழக்கிலும் தேநீர் ஆறுவதற்குள் நாலைந்து பேரைக் குற்றவாளி என்று அறிவித்துவிடுவார். அதில் ஒருவர்கூட இதுவரை குற்றவாளியாக இருந்ததில்லை. அப்படிப் பிழைவிடவும் ஒரு திறமை வேண்டும்.

கம்சனா மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சொன்ன கதை இதுதான். அவள் மேடை உடுப்புகளுக்கான சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் பழந்துணிகளைப் பழுதுபார்ப்பவள். நாளையோடு தகுதிகாண் காலம் முடிகிறது. அதற்குப் பிறகு நிரந்தர வேலை. இன்று மாலை அங்கே பெரிய திறப்புவிழா. விழாவின் நாயகி ஒரு பாலே உடுப்பு. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் ஒரு நடனக்காரி அணிந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே மணி போல விரியும் அடுக்கடுக்கான மெல்லிய பாவாடை, அனுமதி கேட்டுத்தான் மூச்சு விடலாம் என்கிற அளவுக்கு இறுக்கமான பட்டு மேற்சட்டை. அதைப் பார்த்து நூலுக்கு நூல் அச்சாக இன்னொன்றைக் கம்சனா தைத்திருந்தாள். விழாவில் லேனா என்ற நடனக்காரி அதை அணிந்து ஆடுவாள். பழையது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்று காலை இயக்குநர் கலாநிதி ஹோல்ட்காம்ப் கைவிளக்கோடு கடைசிப் பார்வை பார்த்தபோது, பெட்டிக்குள் இருந்த உடுப்பின் விளிம்பில் மஞ்சள் கறை. கம்சனாவின் சாப்பாட்டுப் பெட்டியை அவர் ஏற்கெனவே பலமுறை சந்தேகத்தோடு பார்த்தவர். கறி என்று முடிவுகட்டி, அவளை உடுப்பின் பக்கமே போகக் கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார். நாளை நிரந்தர வேலை இல்லை; அதற்குப் பதிலாக வாசலைக் காட்டுவாராம்.

"நான் அந்த உடுப்புக்குக் கிட்ட மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விடுறனான், அன்ரி," என்றாள் கம்சனா. ஆதாரமாக இயக்குநர் அனுப்பிய படத்தைக் கைபேசியில் காட்டினாள்.

சிவமலர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். விரல்நுனி அளவில் வட்டமான ஒரு மஞ்சள் பொட்டு.

"இது உள்பக்கமோ வெளிப்பக்கமோ, பிள்ளை?"

"உள்மடிப்பு."

"ம்," என்றார் சிவமலர். ரிக்கற் இல்லாத எத்தனையோ பேரை அடுத்த நிலையத்திலேயே இறங்க வைத்த ம் அது. "நீர் தைச்சதை எங்கை வைச்சுத் தைச்சனீர்?"

புஸ்பவதி முந்திக்கொண்டார். "வீட்டிலைதான் அக்கா முடிச்சவள். சமையல் மணம் பிடிச்சிடும் எண்டு சாமியறையிலை தொங்கவிட்டது. ஒரு கிழமையா எங்கடை பிள்ளையார் அந்தப் பாவாடைக்குப் பின்னாலைதான் ஒளிச்சிருந்தவர்."

நால்வரும் தொங்குரயிலில் ஏறினார்கள். அது நான்காவது நிலையத்தைத் தாண்டும் முன்பே ஸ்ரீஸ்கந்தராஜா இரண்டு பேரைக் கைதுசெய்துவிட்டார், மனத்துக்குள்.

அருங்காட்சியக வாசலில் மூன்றாமவர் கிடைத்தார். காவலர் கதிரையில் உட்கார்ந்து கறித்தூள் தூவிய சொசேஜ் தின்றுகொண்டிருந்தார். ஸ்ரீஸ்கந்தராஜா மனைவியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "இஞ்சை பாரும், மஞ்சள் தூள். வழக்கு முடிஞ்சுது."

"அந்தாள் சாப்பிடட்டும். சேலையை விடுங்கோ."

உள்ளே லேனா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காவலரின் மனைவி பின்னால் நின்று மேற்சட்டையின் கொக்கிகளை மாட்டப் போராடிக்கொண்டிருந்தார். ஒரு கப்பலைத் துறைமுகத்துக்குள் இழுப்பது போல இருந்தது. போன கிழமை அளவு பார்த்தபோது அச்சொட்டாக இருந்த சட்டை இன்று பூட்ட மறுக்கிறது, காலையில் தின்ற பாண்தான் காரணம் என்று லேனா புலம்பினாள். புலம்பலுக்கு நடுவே தும்மினாள். உடுப்பைப் போட்டதிலிருந்து இதே தும்மலாம். கூரைக் கண்ணாடிகள் அதிர்ந்தன.

சிவமலர் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். உள்ளே உடுப்பை மாட்டியிருந்த பொம்மையின் முதுகுப் பக்கம் மேற்சட்டை தொளதொளத்து, நாலைந்து ஊசிகளால் இறுக்கப்பட்டிருந்தது. ஹோல்ட்காம்ப் ஓடிவந்து, பழைய பட்டு காலப்போக்கில் தளரும், ஊசிகளைத் தானே குத்தியதாகப் பெருமையோடு விளக்கினார். படம் எடுப்பதற்காக இரண்டு உடுப்புகளையும் அருகருகே நிறுத்திய பிறகு, பழையதை வேறு எவர் கையிலும் நம்பிக் கொடுக்காமல், வெள்ளைக் கையுறை போட்டுத் தன் கையாலேயே பெட்டிக்குள் வைத்தாராம்.

அப்போது மேடைப் பக்கம் பியானோ தொடங்கியது. ஒருவழியாகக் கொக்கிகள் மாட்டப்பட்ட லேனா ஒத்திகைக்காக முதல் பாய்ச்சலுக்குக் காலைத் தூக்கினாள்.

"காலை இறக்கச் சொல்லுங்கோ!" சிவமலர் குரலை உயர்த்தினார். ஓடும் ரயிலையே நிறுத்திய குரல் அது. பியானோவும் நின்றது.

எல்லாரும் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். சிவமலர் புஸ்பவதியின் பக்கம் திரும்பினார். "புஸ்பம், புது உடுப்பு தைச்சு முடிஞ்சால் முதலிலை என்ன செய்வியள்?"

"என்ன அக்கா, தெரியாத மாதிரிக் கேக்கிறியள். மூலையிலை கொஞ்சம் மஞ்சள் தொட்டு வைக்கிறதுதானே."

"மகள் தைச்ச உடுப்புக்கு?"

"வைச்சனான்தானே. பிள்ளை தைச்ச முதல் பெரிய உடுப்பு. உள்பக்கமாத்தான் வைச்சனான், ஒருத்தருக்கும் தெரியக் கூடாதெண்டு." கம்சனாவுக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு சிவமலர் இயக்குநரிடம் ஜேர்மன் மொழியில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "சிந்திய கறி உள்மடிப்புக்குள் வட்டமாக உட்காராது. இது ஒரு தாயின் விரல். பழைய உடுப்பை இந்த அம்மா கண்ணாலும் கண்டதில்லை. அவர் மஞ்சள் வைத்தது புதிய உடுப்புக்கு. மஞ்சள் இருப்பது உங்கள் பெட்டிக்குள். அப்படியென்றால் பெட்டிக்குள் இருப்பது எது?"

ஹோல்ட்காம்ப் பெட்டியைப் பார்த்தார். லேனாவைப் பார்த்தார். தன் கையுறைகளைப் பார்த்தார்.

"பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் புதியது லேனாவின் அளவுக்குத் தைத்தது. அதுதான் உங்கள் மெலிந்த பொம்மையில் தொளதொளக்கிறது. லேனாவின் இடுப்பு பெருக்கவில்லை. வேறொருத்தியின் இடுப்புக்குள் அவளை அடைத்திருக்கிறீர்கள். தும்மலுக்கு நூற்றாண்டுத் தூசி காரணம். கம்சனாவைக் கிட்ட விட்டிருந்தால் தொட்டதுமே சொல்லியிருப்பாள்."

"அப்ப மாத்தினது?" என்று தவிப்போடு கேட்டார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"வேறை ஒருத்தற்றை கையிலும் குடுக்காத ஆள்தான்."

தன் பட்டியலில் இல்லாத ஒரே ஆள் அவர்தான் என்று ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அன்று முழுக்கக் கவலை.

ஹோல்ட்காம்ப் முகம் தக்காளி, பிறகு வெண்காயம். "மூச்சு விடாதீர்கள்," என்று லேனாவிடம் கெஞ்சினார். கம்சனா கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கொக்கி கொக்கியாக அந்தக் கிழட்டு உடுப்பைக் கழற்றி எடுத்தாள். ஒரு தையல்கூடப் பிரியவில்லை. லேனா விட்ட முதல் முழு மூச்சில் வரவேற்பு மேசையிலிருந்த காகிதங்கள் பறந்தன. மாலையில் புதிய உடுப்பில் அவள் பாய்ந்த பாய்ச்சலுக்கு முன்வரிசை முழுக்க எழுந்து நின்றது. புஸ்பவதி மட்டும் பாவாடையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இயக்குநர் கம்சனாவை அழைத்து, வேலை நிரந்தரம் என்று சொல்லிக் கை குலுக்கினார். மன்னிப்பை மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் இருமினார். கடைசியில் ஒரு பொதியை நீட்டினார். உள்ளே அவளுக்கென்று வாங்கிய புதிய வெள்ளை வேலைச் சட்டை.

கம்சனா அதை நேரே சிவமலரிடம் கொண்டுவந்து காட்டினாள். கழுத்துப்பட்டியின் உள்மடிப்பில் விரல்நுனி அளவில் ஒரு மஞ்சள் பொட்டு.

ஸ்ரீஸ்கந்தராஜா துள்ளி எழுந்தார். "புஸ்பவதி அங்கையும் போய் வைச்சிட்டாவே?"

சிவமலர் சட்டையை மூக்கருகே கொண்டுபோனார்.

"இல்லை. இயக்குநரே வைச்சிருக்கிறார். வீட்டிலை மஞ்சள் இல்லைப் போலை. கடுகுச் சோஸ்."