பார்வைக்கு: நாலாம் மாடி

யாரும் எதையும் போடாத அந்த ஃபோல்டர் பருத்துக்கொண்டிருந்தது. காலையில் வேலைக்குப் போகுமுன் விமலராணி பார்த்தபோது டிஸ்கில் பாதி இடம் காலியாக இருந்தது. மத்தியானம் வந்து பார்த்தால் கால்வாசிகூட மிச்சமில்லை. வெளியே ஷிரோக்கோ காற்று ஆப்பிரிக்காவின் புழுதியையெல்லாம் அள்ளிவந்து பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதிப் பால்கனிகளில் கொட்டிக்கொண்டிருக்க, அவள் ஜன்னல் அடைப்புகளை முழுதாக இறக்கிவிட்டு, இடுக்குகளால் விழுந்த வெளிச்சக் கோடுகளுக்கு நடுவே மின்விசிறியின் கறகறப்பைக் கேட்டபடி இருந்தாள். வீட்டில் உருகிய மெழுகுதிரி மணத்தது. செத்துப்போன கணவர் கிறிகோரியின் படத்துக்கு முன்னால் எரிவதோ மின்சாரத் திரி.

விடியற்காலையில் நகரின் நடுவே பொலிதேயாமாவில் ஓர் அலுவலகத்தைக் கழுவித் துடைப்பது அவளுடைய ஒரு வேலை. மற்றது, மரண அறிவித்தல் செய்வது. பலெர்மோவில் தமிழர் ஒருவர் கண்ணை மூடினால், பாதருக்கு அடுத்தபடி தொலைபேசி வருவது அவளுக்குத்தான். மூன்று வருடத்துக்கு முன் கணவர் கிறிகோரிக்குச் செய்ததுதான் முதல் அறிவித்தல். அதையே மாதிரிப் படிவமாக வைத்துக்கொண்டாள். ஒருமுறை முந்திய சாவு வீட்டுப் பெண்ணின் தொலைபேசி எண் தவறிப்போய்ப் புதிய அறிவித்தலில் ஏறிவிட்டது. பாவம், அந்த மனுசி இரண்டு நாள் யாரோ ஒருவரின் சாவுக்கு ஆறுதல் கேட்டாள். அன்றைக்கே விமலராணி படிவத்தில், உடலைப் பார்வைக்கு வைக்கும் இடம் என்ற வரியில் தன் விலாசத்தையும், தகவலுக்குத் தன் எண்ணையும் போட்டுவிட்டாள். மாற்ற மறந்தால் தொல்லை தன்னோடு போகட்டும் என்ற நல்ல எண்ணம்.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு மின்னஞ்சல் வந்தது. அறிவித்தல் வேண்டுமாம், பெயர் இல்லை, ஊர் இல்லை, இணைப்பில் ஒரு படம் மட்டும். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் இணைப்பைத் திறக்கக்கூடாது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு வருவதெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் செத்தவர்களின் படங்கள்தானே! திறந்தாள். திறந்து வைத்த சவப்பெட்டி. உள்ளே கிடந்தவரின் முகம் ஈரத்துணியால் துடைத்தது போல மங்கியிருந்தது. ஓரத்தில் சிவப்புச் சல்லி பதித்த தரை தெரிந்தது. பலெர்மோவில் பாதி வீடுகளில் அதே தரைதான். பெயரில்லாத ஆளுக்குத் தான் அறிவித்தல் செய்வதில்லை என்று பதில் எழுதினாள். உடனே ஒரு வரி வந்தது: ‘பெயரை நீங்களே தாருங்கள்.’ அத்தோடு கணினி செத்துப்போனது.

வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் கணினி திருத்தும் றொஜர் வந்து வைரஸைத் துடைத்து, கோப்புகளையெல்லாம் மீட்டுக் கொடுத்தான். ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை. “அது விண்டோசின்ர சொந்த ஃபோல்டர் அக்கா. பூட்டினபடி கிடக்கட்டும், தொடாதேங்கோ,” என்றான். அவளும் தொடவில்லை.

மூன்றரை மணிக்குப் பிரிண்டர் தானாக விழித்தது.

உருளைகள் சுழன்றன. ஒரு தாள் வெளியே வந்தது, சூடாக, மெழுகு மணத்தோடு. மேலே அவள் வழக்கமாகப் போடும் சிலுவை. நடுவில் அந்த மங்கிய முகம். கீழே அவளுடைய எழுத்துருவில், அவளுடைய வசனநடையில்: பலெர்மோவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கிறிகோரி அனிற்றா அவர்கள் இன்று மாலை நான்கு மணிக்குக் காலமானார்.

அனிற்றா அவளுடைய மகள். ஒரே மகள். பொலிதேயாமாவில் சப்பாத்துக் கடையில் வேலை முடித்து இந்நேரம் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள். விமலராணி அழைத்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். எடுக்கவில்லை.

தாளின் அடியில் சின்ன எழுத்தில், அது எங்கிருந்து வந்தது என்று அச்சாகியிருந்தது. பூட்டிய ஃபோல்டர்.

அவள் திரையில் அந்த ஃபோல்டரை அழுத்தினாள். அனுமதி மறுக்கப்பட்டது என்று இத்தாலிய மொழியில் ஒரு பெட்டி எழும்பியது. விமலராணிக்குப் பயம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டியைக் கண்டதும் பயத்துக்கு மேலால் கோபம் ஏறிவிட்டது. குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காக, இருபது வருடமாகக் கேட்ட அதே பதில். விடியக் காலை நாலு மணிக்கு வரிசையில் நின்று, இல்லை என்று திருப்பி அனுப்பியவர்களிடம் அடுத்த நாளும் போய் நின்றவள் அவள்.

“என்ர வீடு, என்ர மெசின்,” என்றாள் திரையைப் பார்த்து. “ஆரடா நீ எனக்கு அனுமதி தாறதுக்கு?”

றொஜர் மற்றக் கோப்புகளின் பூட்டைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தது நினைவிருந்தது. ஃபோல்டரின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போனாள். சொந்தக்காரர் யார் என்ற இடத்தில், காட்ட முடியவில்லை என்றிருந்தது. அதை அழித்துத் தன் பெயரை அடித்தாள். மின்விசிறி நின்றது. முழு அதிகாரமும் தனக்கே என்று குறியிட்டாள். குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும் நின்றது. முதுகுக்குப் பின்னால் யாரோ நீளமாக மூச்சை இழுத்தார்கள்.

அவள் திரும்பவில்லை. சரி என்பதை அழுத்தினாள்.

ஃபோல்டர் திறந்தது. உள்ளே நூற்றுக்கணக்கில் ஒரே அறிவித்தல். எல்லாவற்றிலும் அனிற்றா. முதலாவதில் முகம் வெறும் மங்கல். அடுத்ததில் புருவம். அதற்கடுத்ததில் மகளின் மூக்கு. கடைசியில் நாடியும், நாடியில் அந்தச் சின்ன மச்சமும். ஐயோ, என் பிள்ளை!

அழித்தாள். திரும்பி வந்தன. மறுபடி அழித்தாள். இன்னும் கூடுதலாக வந்தன.

மூன்று ஐம்பத்தைந்து.

அதற்கு வேண்டியது ஒரு பெயர். அன்றைக்கு அவள் கொடுக்காததால் இப்போது அதுவே எடுத்துக்கொள்கிறது. சரி, பெயரில்லாததுதான் உன் பெயர், இந்தா வாங்கிக்கொள். படிவத்தைத் திறந்து, அந்த முதல் மங்கல் படத்தை இழுத்துப் போட்டாள். விரல்கள் தாமாக ஓடின. ஊர் அறியாத, உறவறியாத, பெயரறியாதவர் இன்று மாலை நான்கு மணிக்குக் காலமானார். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். மகளின் அறிவித்தல் இருந்த அதே பெயரில், அதற்கு மேலேயே சேமித்தாள்.

பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. ஃபோல்டர் வெறுமையானது. மின்விசிறி மறுபடி கறகறத்தது.

நான்கு மணி. நான்கு ஒன்று. நான்கு ஐந்து.

கதவில் சாவி திரும்பியது. அனிற்றா வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தாள். பஸ்ஸில் தொலைபேசி சத்தமில்லாமல் கிடந்ததாம். விமலராணி அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு, தலை, தோள், கை என்று தடவிப் பார்த்தாள். வென்றுவிட்டேன் என்று சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது.

“அம்மா, விடுங்கோ, வேர்க்குது,” என்றாள் அனிற்றா. “கீழை ஆரோ பெட்டி ஒண்டு தூக்கிக்கொண்டு வருகினம். லிஃப்ட் பழுதெண்டு படியால ஏறுகினம். எங்கட வீடு எதெண்டுதான் கேட்டவை.”

விமலராணி பிரிண்டரில் கிடந்த தாளை எடுத்தாள். பார்வைக்கு: நாலாம் மாடி. அவளுடைய தெரு. அவளுடைய இலக்கம். தகவல்: குடும்பத்தினர். அவளுடைய தொலைபேசி எண். படிவத்தில் அவள் கையாலேயே போட்டு வைத்தது.

ஓடிப்போய்க் கதவை இரண்டு தரம் பூட்டினாள். படிகளில் காலடிகள். பாரம் சுமந்த காலடிகள். இரண்டாம் மாடித் திருப்பம். மூன்றாம் மாடி. வாசலில் வந்து நின்றன.

யாரும் தட்டவில்லை.

மெழுகு மணம் பின்னாலிருந்து வந்தது. அனிற்றா அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தாள். விமலராணி திரும்பினாள்.

முன்னறையில், இரண்டு சாப்பாட்டுக் கதிரைகளுக்கு மேல், பெட்டி. திறந்தபடி. அதன் கீழே சிவப்புச் சல்லித் தரை, படத்தில் கண்ட அதே ஓரம். உள்ளே மங்கிய முகம் அனிற்றா நின்ற பக்கம் மெல்லத் திரும்பியது. புருவம் வந்தது. மூக்கு வந்தது.

மேசையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதல் துக்க விசாரிப்பு.

விமலராணி நடந்துபோய் மூடியை அடித்துச் சாத்தினாள். அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

“குசினியில சுத்தியல் கிடக்கு,” என்றாள் மகளைப் பார்த்து. “ஆணியும் கொண்டு வா. கெதியா.”

அவளுக்கு அடியில் மூடி ஒரு விரலளவு உயர்ந்தது. அவள் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.