ஏழு பத்துக்கு வாங்கிய திட்டு

அந்த வீட்டுக்கு அலாரம் வைக்கவேண்டிய அவசியமே வந்ததில்லை. மாமியாரின் வாய் இருந்தது.

“கிளம்பிட்டா மகாராணி! நான் இந்த நாலு சுவத்தையும் பாத்துக்கிட்டே கெடக்கணும்!”

தோளில் பையோடு வாசலில் நின்றாள் மருமகள். ஏழு பதினைந்துக்குப் பஸ். அதை விட்டால் தையல் கூடத்தில் அரை நாள் போச்சு. அத்தை திட்டி முடிப்பாளா, பஸ் கிடைக்குமா என்று அவள் கண் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு பத்து.

“நேத்து நீ படுத்தப்புறம் எம் பொண்ணு போன் பண்ணாடி! பத்து மணிக்கு மேல! ‘நான் உன்னைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கத்தான் பாக்குறேம்மா, அண்ணிதான் விடமாட்டேங்குறாங்க’ன்னு தேம்பித் தேம்பி அழுதா! தாயையும் மகளையும் பிரிச்சு வெச்சிருக்கியே… உனக்கே நல்லா இருக்கா?”

நாத்தனார் அப்படியா சொன்னாள்? மருமகள் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “மாத்திரை டப்பால எடுத்து வெச்சிருக்கேன் அத்தை… வர்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் ஓடினாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தை தன் மகள் வீட்டில் போய் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டபோது, நாத்தனாருக்கு முதலில் போன் போட்டதே இவள்தான். “தயவுசெஞ்சு அனுப்பாதீங்க அண்ணி… எங்க வீட்டுல ஒத்துக்கமாட்டாங்க. நான் வேணாம்னு சொன்னேன்னு தெரிஞ்சா அம்மா உடைஞ்சு போயிடுவாங்க. நீங்களே ஏதாவது சொல்லிச் சமாளிங்களேன்…” என்று கெஞ்சினாள் அவள். இவளும் சமாளித்தாள். “நான் வேலைக்குப் போறேன், வீட்டுல ஆள் வேணும், நீங்க போகக்கூடாது அத்தை” என்று ஒரே போடாகப் போட்டாள். அன்று தொடங்கிய திட்டு இன்றுவரை ஓயவில்லை. மகள் வேண்டாம் என்று சொன்னதைவிட மருமகள் பொல்லாதவள் என்பது அந்தக் கிழவிக்குத் தாங்கக்கூடிய துக்கம். அதனால் கட்டிய கணவனிடம்கூட இவள் வாய் திறந்ததில்லை.

ஒன்பதரை மணிக்குத் தையல் கூடத்தில் போன் அலறியது. கணவன்.

“அம்மா பாத்ரூம் வாசல்ல விழுந்து கெடக்காங்க! வாய் கோணிப்போச்சு… பேச்சே வரல! ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம், நீ வா!”

பாதி தைத்த சட்டை மெஷினிலேயே கிடந்தது.

அது அந்த வட்டாரத்துக்கே ஒரே ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் ஆறு கட்டில், நடுவில் பச்சைத் திரை, அத்தனை பேருக்கும் ஒரே டாக்டரம்மா. மூன்றாவது கட்டிலில் அத்தை. வலது கை செத்த கைபோல் தொங்கியது. கண் மட்டும் எதையோ தேடித் தேடி அலைந்தது. ஐயோ, காலையில் அத்தனை பேச்சுப் பேசிய வாயா இது!

மருமகளைக் கண்டதும் நாத்தனார் சீறினாள். பக்கத்தில் அவள் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“வாங்க அண்ணி, வாங்க! இப்ப திருப்தியா? எங்கம்மாவ இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டீங்களே!”

“சத்தம் போடாதீங்க, இது ஆஸ்பத்திரி” என்று திரையை விலக்கிக்கொண்டு வந்தாள் டாக்டரம்மா. “ஸ்கேன் பாத்தாச்சு. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. கரைக்கிற ஊசி நம்மகிட்டயே இருக்கு. ஆனா கடைசியா நல்லா இருந்த நேரத்துலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடலாம். மகன் நேத்து ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பாத்தாராம். அப்படின்னா போட முடியாது.”

கணவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். “நைட் டூட்டி முடிஞ்சு எட்டு மணிக்கு வந்தேன். போர்த்திட்டுப் படுத்திருந்தாங்க… தூங்குறாங்கன்னு விட்டுட்டேனே!”

மருமகள் முன்னால் வந்தாள். “ஏழு பத்துக்கு நல்லா இருந்தாங்க டாக்டர். என்கிட்ட பேசினாங்க.”

“பொய்!” நாத்தனார் பாய்ந்தாள். “காலையில எங்கம்மா இவங்க மூஞ்சியிலேயே முழிக்கமாட்டாங்க! தொல்லை விட்டுதுன்னு ஏதோ ஒரு நேரத்தைச் சொல்லி ஊசியப் போடவெச்சு… அண்ணா, கையெழுத்துப் போடாதே! சொல்லிட்டேன்!”

ஒருவேளைக்கென்று சிஸ்டர் கொடுத்திருந்த சம்மதக் காகிதத்தோடு நின்ற கணவன் தங்கையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். சுவரில் மணி பத்து ஐம்பது. பதினொன்று நாற்பதுக்குள் ஊசி ஏறவேண்டும். அதற்கப்புறம் இந்த வாய் கோணினது கோணினதுதான்.

“அம்மா, இதுல ஏறக்குறைய எல்லாம் கூடாது” என்றாள் டாக்டரம்மா. “என்ன பேசினாங்க? அப்படியே சொல்லுங்க. பேச்சு குழறுச்சா?”

மருமகள் நாத்தனாரைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் நின்ற புருஷனையும் பார்த்தாள். இத்தனை பேர் நடுவில் இதைச் சொன்னால் அந்தப் பெண்ணின் மானம் என்னாவது? இரண்டு வருஷமாகக் கட்டிக்காத்தது இந்தத் திரைக்குள்ளேயே கொட்டிப்போகுமே! ஆனால் கட்டிலில் அத்தையின் கோணிய உதட்டோரம் எச்சில் வழிந்தது. அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“திட்டினாங்க டாக்டர். ஒரு வார்த்தைகூடக் குழறல.”

கணவன் திகைத்துப் பார்த்தான்.

“நேத்து பத்து மணிக்கு மேல பொண்ணு போன் பண்ணினாளாம். நான் கூட்டிட்டு வந்து வெச்சுக்கத்தான் பாக்குறேன், அண்ணிதான் விடமாட்டேங்குறாங்கன்னு அழுதாளாம். தாயையும் மகளையும் ஏண்டி பிரிச்சேன்னு கேட்டாங்க. பஸ் போயிடுமேன்னு நான் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். ஏழு பத்து.”

“அவ்வளவும் ஞாபகம் இருக்கா?”

“தினம் கேக்குறதுதானே டாக்டர். அந்தப் போன் விஷயம் மட்டும் இன்னிக்குத்தான் புதுசு. நான் ஒன்பதரைக்கே தூங்கிட்டேன். காலையில அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

டாக்டரம்மா நாத்தனார் பக்கம் திரும்பினாள். “நேத்து போன் பண்ணீங்களா?”

அவள் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகினார்கள்.

“உங்கம்மாவுக்கு ஊசி போடறதா வேணாமா? சொல்லுங்கம்மா!”

“பண்ணேன்…” நாத்தனாரின் குரல் உடைந்தது. “பத்தேகாலுக்கு… எனக்கும் அம்மாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணி சொல்றது நிஜம். போடுங்க டாக்டர்… சீக்கிரம் போடுங்க! அண்ணா, கையெழுத்துப் போடு!” அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அண்ணி விடாம இல்லண்ணா… நான்தான் அம்மா வேணாம்னேன். பழியத் தூக்கி அவங்க தலையில போட்டேன்… நான் பாவி!”

அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். கணவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, “ரெண்டு வருஷமா… எங்கிட்டகூட சொல்லலையே நீ?” என்றான்.

“இப்ப அதுவா முக்கியம்? தள்ளுங்க, சிஸ்டருக்கு வழி விடுங்க!”

பதினொன்று ஐந்துக்கு ஊசி ஏறியது. அதற்கப்புறம் அந்த வராந்தாவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஏதாவது ஒரு மெஷின் கத்தினால் நாலு பேரும் எழுந்து நின்றார்கள். நேரத்தைச் சரியாகத்தான் சொன்னோமா, அந்தக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று மருமகள் தன்னையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். ஏதாவது ஆகிவிட்டால் கொன்றவள் தானல்லவா!

இரண்டு மணிக்கு அத்தையின் வலது கை விரல் அசைந்தது. மூன்றரைக்கு டாக்டரம்மா கூப்பிட்டாள். “கை கொஞ்சம் வந்திருக்கு. பேச்சு வருதான்னு பாக்கணும். பேச்சுக் குடுங்க.”

மகன் கூப்பிட்டான். அத்தை பார்த்தாளே தவிர வாய் திறக்கவில்லை. மகள் காலைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அண்ணி மேல ஒரு தப்பும் இல்லம்மா… எங்க வீட்டுல வேணாம்னாங்க, நானும் சரின்னுட்டேன்… என்னை மன்னிச்சிடும்மா!” என்று கதறினாள். அத்தையின் கண்ணோரம் நீர் வழிந்தது. உதடு அசையவில்லை.

கடைசியாக மருமகள் கட்டிலருகே வந்தாள். “அத்தை…”

அத்தை அவளையே பார்த்தாள். வாய் பக்கவாட்டில் இழுத்தது.

“ஏ… ஏண்டி… எங்கிட்ட… சொல்லல?”

“வந்துடுச்சு!” என்றாள் டாக்டரம்மா.

“தினம்… தினம்… வாய மூடிட்டு… வாங்கிக் கட்டிக்கிட்டியே… அறிவு… இருக்காடி உனக்கு?”

மருமகள் குனிந்து அந்தக் கிழவியைக் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வெடித்தது. அத்தையின் நல்ல கை அவள் முதுகைத் தடவித் தடவிப் பிடித்துக்கொண்டது.

“திட்டுங்க அத்தை… இன்னும் நல்லா திட்டுங்க! எனக்கு இன்னிக்குப் பஸ் எதுவும் இல்ல.”