இத்தா வீட்டில் ஒரு கண்

காலையில் கதிரை போட்டு ஏறி முப்லிஹா சுவர்ப்பக்கம் திருப்பிவிட்ட கேமரா, பின்னேரம் அஸர் தொழுது அவள் எழும்பும்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

கணவன் இறந்து நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவின் நாற்பத்து மூன்றாம் நாள். விதவையின் மேல் அந்நிய ஆண்களின் பார்வை படக்கூடாதென்று அந்த ஏறாவூர் வீட்டின் ஜன்னல்களையெல்லாம் தடித்த துணியால் மூடியிருந்தார்கள்; வாவியின் சேற்று வாடையும், யாரோ தோணியில் நின்று வலை உதறும் சத்தமும், பழுத்த வெயிலின் புழுக்கமும் மட்டும் துணியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தன. இத்தனையையும் மூடியவர்கள் மண்டபச் சுவரில் இருந்த அந்த ஒரு கண்ணை மறந்துபோனார்கள்.

கட்டாரில் இருந்த கணவன் றிஸான், அவளைக் கண்காணிக்கவென்றே ஆள் அனுப்பிப் பூட்டியது அது. இரண்டு வருடம் அதன் வழியாகவே பேசினான். வாசலுக்குப் போனால் கேள்வி, சிரித்தால் கேள்வி. சீ, என்ன வாழ்க்கை! கேமரா எட்டாத ஒரே இடம் குசினியின் அடுப்பு மூலை. அங்கே நின்றுதான் அவள் ஊர்க்காரன் மின்ஹாஜோடு போனில் காதலாய்ப் பேசப் பழகினாள். பாவம்தான். தெரிந்துதான் செய்தாள்.

றிஸான் மௌத்தாகி கட்டாரிலேயே அடக்கமாகிவிட்டான். அவனுடைய பயணப் பெட்டி மட்டும் வந்து மண்டப மூலையில் கிடந்தது.

"இத நீயா திருப்பின?" சோறு கொண்டுவந்த தங்கை றிஸ்லாவிடம் கேட்டாள்.

"எனக்கு எட்டுமா ராத்தா? வயரையும் நீங்கதானே காலையில கழட்டினீங்க."

றிஸ்லா போய்விட்டாள். கிர்ர்ர் என்று கேமரா திரும்பும் ஒரு சின்னச் சத்தம். முப்லிஹா ஜன்னலோரம் நடந்தாள். கிர்ர்ர். குசினி மூலைக்குள் ஒதுங்கினாள். அங்கேயும் கேட்டது. முதலில் பயந்தாள்; பிறகு கோபம் வந்தது. உயிரோடு இருந்தபோது பார்த்தது போதாதா?

கதிரையை இழுத்து ஏறி, றிஸானிடமே சொல்வதுபோல் கேமராவிடம் சொன்னாள்.

"இது எங்கட உம்மா எனக்கு எழுதித் தந்த ஊடு, மச்சான். ஒங்களுக்கு இனி இங்க இடமில்ல."

அதைப் பிய்த்தெடுத்துத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினாள். குமிழிகள் வந்தன. நின்றன.

பிறகு மூலையில் ஒளியாமல், நடு மண்டபத்தில் நின்றே மின்ஹாஜுக்குப் போன் எடுத்தாள்.

"இத்தா முடியட்டும். பின்பக்கத்தால வேணாம், முன்வாசலால வாங்க. ஊரே பாக்கட்டும்."

"ஓம், வாறன்," என்றான் அவன். பிறகு குரல் தாழ்ந்தது. "பக்கத்துல ஆரு? மூச்சு வாங்கிற சத்தம் கேக்குது."

யாருமில்லை.

பெட்டிக்குள் வெளிச்சம்.

திறந்தாள். றிஸானின் போன். பற்றரி செத்துப்போய் வந்த போன். திரையில் அவளுடைய மண்டபம். வெள்ளை முக்காடு. குனிந்த முதுகு. அவளுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்திலிருந்து. ஆள் உயரத்திலிருந்து.

அவள் ஓடவில்லை.

"பாருங்க," என்றாள். "நல்லாப் பாருங்க. நான் இனி ஒளிய மாட்டன்."

திரையில் அவளுடைய பிடரி மெல்லப் பெரிதாகிக்கொண்டு வந்தது.