அருகில் வந்தால் ஏறும் எண்

"உங்களுக்கு இதயமே இல்லைன்னு காட்டுது..."

முன்பின் தெரியாத ஒருவன் மைதானத்தில் நின்று இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? புயலுக்கு வந்தது. பந்தோடு அவள் பாய்வதைப் பார்த்துக் கால்பந்துக் குழு வைத்த பெயர் அது, கோபத்துக்கும் பொருந்தும்.

"உங்க மெஷினுக்கு மூளை இல்லைன்னு நான் சொல்லட்டுமா?"

அவன் அசரவில்லை. மார்பைச் சுற்றிக் கட்டும் துடிப்புப் பட்டையை நனைத்துக் கட்டினால்தான் கருவி பேசும், அதைச் சொல்ல மறந்தது தன் தப்புதான் என்று சிரித்தான். சிரிக்கும்போது அந்தக் கண்கள்... வேண்டாம், அவளுக்கு அன்று ஓட வேண்டியிருந்தது.

குழுவின் உடல்தகுதியை அளக்க வந்த பரிசோதகன் அவன். ஒவ்வொரு 'பீப்' ஒலிக்கும் வேகம் கூட்டி இரண்டு கோடுகளுக்கு இடையே ஓடும் சோதனை, பிறகு பயிற்சி ஆட்டங்கள். எல்லோருடைய துடிப்பும் ஓட்டத்தில் ஏறியது, ஆட்டத்தில் இன்னும் ஏறியது, உட்கார்ந்தால் இறங்கியது. புயலுக்கு மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எகிறியது. அவன் குனிந்து, "மூச்சு வாங்குதா?" என்று கேட்பான்... எண் இன்னும் ஏறும். அவள் வெடுக்கென்று ஏதாவது சொல்லி வைப்பாள்.

மறுநாள் அணித் தேர்வு ஆட்டம். மழை பிடித்துக்கொண்ட அந்த மாலையில், கொட்டகையில் பட்டையைக் கழற்றாமல் தனியே உட்கார்ந்திருந்தவளிடம் அவன் தயங்கித் தயங்கி வந்தான். ஓய்வில் துடிப்பு நூற்று முப்பது இருப்பது நல்லதில்லை, இதய மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஆடக்கூடாது என்று கோச்சிடம் இன்றே சொல்லியாக வேண்டும் என்றான்.

அவளுடையது அப்பாவை மாரடைப்பில் பறிகொடுத்த வீடு. இதயம் என்ற சொல் அம்மாவின் காதில் விழுந்தால் போதும், அத்தோடு ஆட்டத்துக்கு முழுக்கு. காரணம் என்னவென்று அவளுக்குத் தெரியும்... தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை நிஜமாகவே அப்பாவின் இதயம்தானோ? வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் ஆட்டமே போகும்.

"கொஞ்சம் தள்ளிப் போங்க."

"எவ்வளவு தூரம்?"

"கோல் கம்பம் வரைக்கும்... மெஷினை எடுத்துட்டு."

ஒன்றும் புரியாமல் மழையில் நனைந்துகொண்டே போனான். கம்பத்தருகே நின்று கருவியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு, எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லத் திரும்பி நடந்தவன், பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டான்.

கொட்டகைக்குள் வந்தபோது, எழுபதுக்கு இறங்கிப் போய் மறுபடி ஏறிவிட்டதாக மெதுவாகச் சொன்னான். அப்பாடா... அப்பாவுடையது இல்லை! ஆனால் இனி மறைக்கவும் வழியில்லை. அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"வேற யாராவது அளந்தா சரியாத்தான் இருக்கும். நீங்க பக்கத்துல வந்தா மட்டும்தான்... இப்படி."

சிரிக்கப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும். எண்ணைப் பார்க்க யார் பக்கத்துலயும் வரவேண்டியதில்ல. அறையில இருக்கிற திரையிலயே தெரியும். மத்தவங்களோடதை எல்லாம் அங்க உட்கார்ந்துதான் பார்த்தேன்."

அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கைபேசியை எடுத்துக் கோச்சை அழைத்துவிட்டான். நாளை காலை ஆட்டத்துக்கு முன் அவளை வேறொருவர் அளக்க வேண்டும், தான் அளந்த எண்களை நம்ப வேண்டாம் என்றான். மறுமுனையில் கோச் ஏன் என்று அதட்டுவது அவளுக்கும் கேட்டது.

அவன் அவளைப் பார்த்தான். சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டான். அவள் தலையசைத்தாள்.

"எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு, சார்... அவங்களுக்கும்."