லஞ்ச் சீற் தும்பி

வைகாசி வெயிலில் மாங்குளம் கொதித்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் ஆறு மின்விசிறிகளும் முழு வேகத்தில் சுழன்றன. எல்லாம் புத்தம் புதியவை. கல்விக் கந்தோரிலிருந்து பெரிய சேர் வருகிறார் என்று அதிபர் செல்வநாயகம் முதல் நாள்தான் அவசரமாகப் பூட்டுவித்திருந்தார்.

கையால் செய்த விமானம் எது மண்டபத்துக்குள் அதிக நேரம் பறக்கிறது என்பதுதான் போட்டி. ஆளுக்கு இரண்டு தரம் விடலாம்.

இதுவரை ஜெயரூபிதான் முன்னுக்கு நின்றாள். கொப்பி ஒற்றையில் மடித்த அவளுடைய பிளேன் ஒன்பது செக்கன் பறந்திருந்தது. இனி றுக்ஷானா மட்டும்தான் மிச்சம்.

றுக்ஷானாவின் விமானத்தை ஜெயரூபி நேற்றே வகுப்பறையில் பார்த்துவிட்டாள். உடம்பு ஈர்க்கு. செட்டை, சோறு கட்டும் மெல்லிய பொலித்தீன் லஞ்ச் சீற். முன்னால் சுற்றும் சுழலி, யோகட் கப்பில் வெட்டியது. அதைச் சுற்ற வைப்பது ஒரு றப்பர் பாண்ட்.

"இதை எறியக் கூடாதடி. கையை எடுத்தால் போதும்" என்று சொல்லி றுக்ஷானா அதை வகுப்புக்குள் விட்டுக் காட்டினாள்.

அது பறந்தது என்று சொல்ல முடியாது. காற்றில் நடந்தது. தும்பி ஒன்று யோசித்து யோசித்துப் போவது போல மேசைகளுக்கு மேலே வட்டம் போட்டது. ஜெயரூபிக்கு மூச்சு விடவே மறந்துபோனது.

"எப்பிடியடி செய்தனி?"

"பன்ரண்டு உடைஞ்சது. இது பதின்மூண்டாவது. லஞ்ச் சீற்றைக் காணேல்லையெண்டு உம்மா இன்னும் தேடுறா."

ஆனால் இன்று, முதல் தரம் விட்டபோது, மின்விசிறிக் காற்று அந்தத் தும்பியைப் பிடித்து நிலத்தில் அடித்தது. இரண்டே செக்கன்.

"லஞ்ச் சீற் விழுந்திட்டுது, சோறு எங்கை?" என்று சுஜிதன் கத்தினான். மண்டபமே சிரித்தது. றுக்ஷானா குனிந்து, வளைந்த செட்டையை நீவினாள்.

ஜெயரூபி விமலேஸ்வரி ரீச்சரிடம் ஓடினாள். "ரீச்சர், ஃபானை நிப்பாட்டச் சொல்லுங்கோ. காத்துத்தான் விழுத்தினது."

"உஸ்! பெரிய சேர் இருக்கிறார். அவருக்கு வேர்க்கும்."

"வேர்த்தால் துடைக்கலாந்தானே ரீச்சர்?"

"வாய் காட்டாமல் போய் இரு. நீதானே முதலாவது? பிறகென்ன?"

பேசாமல் இருந்தால் பரிசு அவளுக்குத்தான். ஆனால் அந்தத் தும்பியை இன்னொரு முறை பார்க்க முடியாதே! ஒன்பது செக்கன் கடதாசிக்காக அதை விடுவதா?

பின்கதவடியில் ஆறு சுவிட்சுகள் இருந்தன. ஜெயரூபி நடந்து போனாள். டக், டக், டக், டக், டக், டக்.

மின்விசிறிகள் களைத்து நின்றன.

"கறண்ட் போட்டுது!" என்று மண்டபம் முனகியது. சுவிட்சை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கறண்ட் போவது அங்கே புதினமா என்ன?

அதிபர் மைக்கைப் பிடித்தார். "பிள்ளையள், கறண்ட் போட்டுது. குழப்படி செய்யாமல் இருங்கோ. போட்டி நடக்கும்." அவருடைய குரல் இரண்டு ஒலிபெருக்கிகளிலும் கணீரென்று கேட்டது.

பெரிய சேர் கையிலிருந்த ஃபைலால் விசிறத் தொடங்கினார்.

"சேர், விசிறாதேங்கோ!" என்று ஜெயரூபி கத்தினாள். அவர் திடுக்கிட்டு ஃபைலை மடியில் வைத்தார்.

றுக்ஷானா றப்பரை முறுக்கினாள். கையை எடுத்தாள்.

தும்பி எழும்பியது. ஒரு வட்டம். இன்னும் உயரத்தில் இன்னொரு வட்டம். ஜன்னல் வெயில் பட்டபோது செட்டை மறைந்து, வெறும் மினுக்கம் மட்டும் போனது. சுஜிதனின் வாய் திறந்தபடியே இருந்தது. பெரிய சேரின் கழுத்து அதோடு சேர்ந்து சுற்றியது. மூக்கு நுனியில் வியர்வை சொட்டியதை அவர் கவனிக்கவேயில்லை.

முப்பது... முப்பத்தைந்து... நாற்பத்தொரு செக்கன்! அவருடைய சப்பாத்துக்கு முன்னால் அது பூப்போல வந்து இருந்தது.

கைதட்டல் அடங்கிய பிறகு பெரிய சேர் கேட்டார்: "அதிபர், கறண்ட் போட்டுதெண்டால் மைக் எப்பிடி வேலை செய்தது?"

அதிபர் மைக்கைப் பார்த்தார். மைக்கும் அவரைப் பார்த்தது.

ஜெயரூபி எழும்பினாள். "நான்தான் சேர் ஃபானை நிப்பாட்டினனான். உங்களுக்கு வேர்க்குமெண்டு ஒருத்தரும் நிப்பாட்ட விடேல்லை. அவளின்ர பிளேனுக்குக் காத்துக் கூடாது."

அதிபர் சுவிட்சுப் பக்கம் பாய்ந்தார்.

"நில்லுங்கோ! போடாதேங்கோ!" என்றார் பெரிய சேர். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் குனிந்து, இரண்டு விரல்களால் தும்பியைத் தூக்கி றுக்ஷானாவிடம் நீட்டினார்.

"பிள்ளை, இன்னொருக்கா விடு பாப்பம்."

ஜெயரூபி ஓடிவந்து அவருடைய கதிரைக்குப் பக்கத்தில், நிலத்தில், காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்துகொண்டாள்.